தாய் என்றால் அண்ணன்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருக்கிற கோழித்தீவன மில்லின் லாரி நிறுத்தத்தில், கந்தப்பன் மூன்றாவது நாளாகத் தன் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். வண்டியில் தாவணகெரேயில் ஏற்றிய இருபத்திரண்டு டன் மக்காச்சோளம். சட்டைப் பையில் மூன்றாம் நம்பர் டோக்கன். உள்ளே மூட்டை இறக்குகிற எந்திரம் திங்கட்கிழமை படுத்துவிட்டது. நாமக்கல்லிலிருந்து வந்த ரிப்பேர்காரர் அதிலிருந்து ஒரு சாமானைக் கழற்றிக்கொண்டு போனவர் போனவர்தான்.

கந்தப்பனின் வீடு மல்லசமுத்திரத்தில், ஆறே கிலோமீட்டர். வீட்டைப் பார்த்துப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஆனால் மைக்கில் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் டோக்கன் கடைசிக்குப் போய்விடும். பின்னால் முப்பது வண்டி நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் பெண்டாட்டி ஆத்தாயி ரசம் வைக்க, இவர் லாரிக்கு அடியில் பன்னைத் தின்றுகொண்டு கிடந்தார்.

கந்தப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஸ்டியரிங் பிடித்து இருபத்தெட்டு வருஷம். குடி கிடையாது, சீட்டுக் கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு உண்டு, அது மரியாதை. பேச்சில் 'ங்க' இல்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது. வாங்குகிற மாதிரி கொடுக்கவும் செய்வார். டயரை மோந்துபார்க்க வருகிற நாயைக்கூட, "அக்கட்டால போங்க சாமி" என்றுதான் விரட்டுவார். ஒருமுறை டோல்கேட்டில் 'யோவ்' என்ற பையனுக்கு 'வாங்க, போங்க' கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினார். பின்னால் அரை மைலுக்கு ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனைப் போய் ஒருத்தன் 'டாய்' என்று கூப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை அது. பக்கத்தில் வந்து நின்ற லாரியின் நம்பர் பிளேட்டில் ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்து. அதிலிருந்து நாற்பது வயதுக்காரன் ஒருத்தன் இறங்கினான். கட்டைகுட்டையான உடம்பு, அரைக்கால் சட்டை, வெளுத்த பனியன். நேரே கந்தப்பனிடம் வந்து, சிரித்த முகத்தோடு, "டாய்! டோக்கன்?" என்றான்.

கந்தப்பனுக்குச் சுருக்கென்று ஏறியது. அவருக்குத் தெரிந்த இந்தி மொத்தம் நாற்பது வார்த்தை. அதில் பத்து, பொம்பளைகள் இருக்கிற இடத்தில் சொல்ல முடியாதது. வடக்கத்தியானைத் திட்டுவதென்றாலும் 'பாய்' என்று ஆரம்பித்துத்தான் திட்டுவார், மரியாதை முக்கியம். "ஏ பாய்! மரியாதை! மரியாதை மாலும்?" என்று கையை ஓங்கினார். 'பாய்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் முகம் பூவாக மலர்ந்தது. "டாய்!" என்றான் மறுபடியும், நெஞ்சில் கை வைத்து.

திட்டத் திட்டச் சிரிக்கிறவனை என்ன செய்வது? கந்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவன் ஸ்டவ் பற்ற வைத்து எதையோ கொதிக்கவிட்டான். ஆவி பறக்கிற டம்ளரை ஏந்திக்கொண்டு கந்தப்பனின் வண்டிக்கு வந்து குனிந்தான். "டாய்... சியா" என்றான்.

கந்தப்பன் காதில் அது 'டேய், சீய்யா' என்று விழுந்தது. தூக்கத்தில் இருந்த மனுஷன் சடாரென்று எழுந்ததில் தலை சேஸிஸில் இடித்தது, கை டம்ளரில் இடித்தது. அத்தனை டீயும் மண்ணில் போயிற்று. அவன் டம்ளரைப் பொறுக்கிக்கொண்டு, இவர் தலையைத் தடவிப் பார்க்க வந்தான். "தொட்ட, கெட்ட!" என்றார் கந்தப்பன். வாழ்நாளில் 'ங்க' போடாமல் அவர் பேசிய வெகு சில வாக்கியங்களில் அது ஒன்று.

புதன்கிழமை காலையில் அங்கமுத்து வந்து சேர்ந்தான். அயோத்தியாப்பட்டணத்துக்காரன், கந்தப்பனோடு பழைய கம்பெனியில் ஒன்றாக ஓட்டியவன். நடுவில் சில வருஷம் காசி, கயா என்று யாத்திரை பஸ் ஓட்டி, காட்மாண்டுவரை போய் வந்தவன். இந்தியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவான். இரண்டு பேரும் வண்டி நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கையில், அந்தப் பனியன்காரன் தயங்கித் தயங்கி வந்தான். கையில் ரப்பர் பேண்ட் போட்ட காகிதச் சீட்டுக் கட்டு.

"டாய்..." என்றான்.

கந்தப்பன் செருப்பைத் தேடினார். அங்கமுத்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்குண்ணா அவன அடிக்கப் போறீங்க?"

"மூணு நாளா என்னைய டாய்ங்கறான் அங்கமுத்து! என்ற அப்பன்கூட என்னைய அப்படிக் கூப்புட்டதில்ல. நேத்து எழுப்பி உட்டு 'சீ'ங்கறான்!"

அங்கமுத்து அவனிடம் இந்தியில் இரண்டு கேள்வி கேட்டான். அவன் பதில் சொல்லச் சொல்ல, அங்கமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, கடைசியில் டயரைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"அண்ணா, இவன் நேபாளத்துக்காரன். பேரு ஹர்க பகதூர். அது டாய் இல்லண்ணா, தாய். அவங்க பாஷையில தாய்ன்னா அண்ணன்."

"தாய்ன்னா ஆத்தா அல்லோ?"

"நமக்கு ஆத்தா. அவனுக்கு அண்ணன். மூத்தவங்கள பேர் சொல்லக் கூடாதுன்னு தாய் தாய்ன்னு கூப்புடுறான். உங்க 'ங்க' மாதிரின்னு வச்சுக்கங்களேன். சியான்னா டீ. பாய்ன்னா தம்பி. நீங்க அவன 'பாய் பாய்'ன்னு திட்டுனீங்களாமே, அண்ணன் நம்மள தம்பின்னு ஏத்துக்கிட்டாருன்னு அவன் சந்தோசத்துல இருக்கான்."

கந்தப்பன் செருப்பைக் கீழே வைத்தார். அண்ணா என்று கூப்பிட்டவனை மூன்று நாளாக அடிக்க ஓடியிருக்கிறார். அண்ணா டீ குடிங்க என்று நீட்டிய டம்ளரை மண்ணில் தட்டியிருக்கிறார். ஊருக்கெல்லாம் மரியாதை சொல்லிக்கொடுக்கிற வாயால் 'தொட்ட, கெட்ட' என்றிருக்கிறார். காதோரம் சூடேறியது.

"உக்காரச் சொல்லுங்க அங்கமுத்து," என்றார். பிறகு அதுவும் போதாதென்று, தானே தன் சாக்கை உதறிப் போட்டு, "உக்காருங்க பாய், உக்காருங்க" என்றார்.

ஹர்க பகதூர் உட்கார்ந்து, சீட்டுக் கட்டை அவிழ்த்தான். எல்லாம் நிறுத்தத்தின் வாசலில் இருக்கிற எடைமேடைச் சீட்டு. ஒன்பது. எல்லாவற்றிலும் அதே வண்டி, அதே சோயாப் புண்ணாக்கு. முதல் சீட்டுக்கும் கடைசிச் சீட்டுக்கும் பத்து கிலோதான் குறைந்திருந்தது, டீசல் எரிந்த அளவுக்கு.

"எதுக்கு ஒம்போது தடவ எடை போட்டாராம்?"

அங்கமுத்து கேட்டுச் சொன்னான். டோக்கன் ஜன்னலுக்குப் போகும்போதெல்லாம் அங்கே இருக்கிற பொண்ணு "வெயிட், வெயிட்" என்றதாம். இவன் எடையைத்தான் கேட்கிறார்கள் என்று, ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காசு கொடுத்து எடை போட்டு வந்து காட்டியிருக்கிறான். அந்தப் பொண்ணு மறுபடியும் "வெயிட்" என்றிருக்கிறது.

சிரித்து முடித்த பிறகுதான் சங்கதி வந்தது. இந்திய எல்லைக்குள் இந்த வண்டி ஓடக் கொடுத்த பர்மிட் வருகிற திங்கட்கிழமையோடு சரி. எல்லை இங்கிருந்து இரண்டாயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேலே. ராப்பகலாக ஓட்டினாலும் ஐந்து நாள். இன்றைக்குப் பொழுதுக்குள் இறக்கிவிட்டுக் கிளம்பாவிட்டால் வண்டியை எல்லையில் பிடித்துவைத்துவிடுவார்கள். அவன் முதலாளி ஏற்கனவே போனில் சொல்லிவிட்டாராம்: வண்டி மாட்டினால் நீ வீட்டுக்கு நடந்து போ, சாவிக்கு வேறு ஆள் இருக்கிறது.

"டோக்கன் நெம்பர் என்ன இவருக்கு?"

"அதான்ணா வேடிக்கையே. டோக்கனே போடல."

கந்தப்பன் எழுந்து நேரே ஜன்னலுக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரிதா, இருபத்தைந்து வயதுப் பெண், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க சாமி, அந்த நேபாளத்து வண்டிக்கு ஏன் டோக்கன் போடல?"

"நம்பர் ஏற மாட்டேங்குதுங்கண்ணா. மொத ரெண்டு எழுத்து நம்ம ஸ்டேட்டா இருக்கணும். டிஎன், கேஏ, ஏபி அப்படி. அவங்க நம்பரப் போட்டா 'தவறான வாகனம்'னு செவப்புல வருது. நானும் பத்து தடவ போட்டுப் பார்த்துட்டேன்."

"சூப்பர்வைசர் என்ன சொல்றாரு?"

"ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டிருக்காருங்க. திங்கக்கிழமை பதில் வருமாம்."

திங்கட்கிழமை! கந்தப்பன் திரும்பிப் பார்த்தார். வண்டி நிழலில் ஹர்க பகதூர் ஒன்பது சீட்டையும் வரிசையாக அடுக்கி மறுபடி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தான். அதே சமயம் உள்ளே தடதடவென்று சத்தம். ரிப்பேர்காரர் சாமானோடு திரும்பி வந்துவிட்டார் போல, எந்திரம் ஓட ஆரம்பித்தது. மைக் கரகரத்தது. டோக்கன் ஒன்று. டோக்கன் இரண்டு.

அடுத்தது கந்தப்பன். இறக்கினால் இரண்டு மணி நேரம். பொழுதோடு வீடு. ஆத்தாயிக்குப் போன் போட்டு வெந்நீர் வைக்கச் சொல்லலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டார். எடுத்தவர் அதை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னல் ஓட்டையில் வாயை வைத்தார்.

"சாமி, என்ற நெம்பரப் போட்டு அவர உள்ள உட்டுருங்க."

சரிதா சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஐயோ, என்னங்கண்ணா சொல்றீங்க? ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு என்ட்ரிதாங்க. அவர் போனா நீங்க போக முடியாது."

"நாளைக்குப் போறேன். சோளம் என்ன, கத்திரிக்காயா அழுகறதுக்கு?"

"தெரிஞ்சா எனக்கு வேலை போயிருங்க."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அந்தப் பாயிக்குத் தமிழ் தெரியாது. யாரு சாமி சொல்லப் போறாங்க?"

சரிதா கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் ஒன்பது தடவை அந்த ஆள் சீட்டை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னலில் நீட்டினதை அவளும்தான் பார்த்தாள். சூப்பர்வைசர் ஜெகதீஸ்வரன் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு உள்ரூமுக்குப் போனார். கதவு மூடுகிற சத்தம் கேட்டதும் அவள் கந்தப்பனின் வண்டி நம்பரைக் கீபோர்டில் தட்டினாள். மைக்கில் சொன்னாள்: "டோக்கன் மூணு, நாலாயிரத்து நானூத்தி எழுபத்தி ஒண்ணு, உள்ள வரலாம்."

நிறுத்தத்தில் விஷயம் பரவ ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அங்கமுத்து பிஸ்கட் அட்டையைக் கிழித்து, சாக்பீஸால் கந்தப்பனின் நம்பரை எழுதி, ஜாங்கிரி எழுத்தின் மேல் கட்டித் தொங்கவிட்டான். நாலாம் டோக்கன்காரர் கர்னூல் பக்கத்துக்காரர். அவர் என்னமோ தெலுங்கில் கேட்டு, அங்கமுத்து சொன்னதும், நாளைக் காலையில் முதல் ஆளாக கந்தப்பன் போகட்டும், நாங்கள் ஆளுக்கு ஓர் இடம் பின்னால் போகிறோம் என்றார். அவருக்குப் பின்னால் இருந்த பஞ்சாப்காரர், விஷயம் முழுசாகப் புரிவதற்கு முன்பே கையைத் தூக்கிச் சரி என்றுவிட்டார். வரிசையில் ஒரு இடத்துக்காக வெட்டு குத்துவரை போகிற ஜனம் அது. அன்றைக்கு என்னவோ, ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு நேபாள வண்டி காலியாகி வெளியே வந்தது. ஹர்க பகதூர் இறங்கி, ஒரு பை நிறைய அவலைக் கொண்டுவந்து கந்தப்பன் கையில் வைத்தான். குனிந்து அவர் காலைத் தொடப் போனவனை அவர் பாதியிலேயே தூக்கி நிறுத்தினார். மூன்று நாளாகச் சிரித்தபடியே இருந்த முகம் இப்போதுதான் அழுதது.

வண்டி ரோட்டில் ஏறும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "தாய்!" என்று கத்தினான்.

"போயிட்டு வாங்க பாய்! பாத்துப் போங்க!" என்று கந்தப்பனும் கத்தினார். தூரத்தில் அந்த பிஸ்கட் அட்டை காற்றில் ஆடிக்கொண்டே போயிற்று. அடடா, அதை அவிழ்க்க மறந்துவிட்டோமே என்றான் அங்கமுத்து.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குளித்து, விபூதி வைத்து, கந்தப்பன் ஜன்னலுக்குப் போனார். சரிதாவின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்திலேயே ஜெகதீஸ்வரன் நின்றிருந்தார். ஜெகதீஸ்வரன் நாமக்கல்காரர், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காதவர்.

"வாங்க, வாங்க. என்னங்க விஷயம்?"

"நாலாயிரத்து நானூத்தி எழுபத்தி ஒண்ணுங்க. மக்காச்சோளம் எறக்கோணும்."

"நீங்க நேத்தே எறக்கிட்டுப் போயிட்டீங்களேங்க."

"போகலீங். இதா நிக்கறனே."

"நிக்கறீங்க, தெரியுது. ஆனா சிஸ்டத்துல நீங்க போயிட்டீங்க. சோயாப் புண்ணாக்கு எறக்கிட்டு, அஞ்சு நாப்பத்தெட்டுக்கு வெளிய போயிருக்கீங்க. உங்க சோள ஆர்டரும் அதோட குளோஸ் ஆயிருச்சுங்க. இப்ப நீங்க புதுசா சோளம்னு சொன்னா, அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க இல்லீங்களா?"

"நானும் அதேதாங்க சொல்றேன். எறக்கலீங். வந்து பாருங்க, வண்டியில இருக்குது."

"நான் பாத்து என்னங்க ஆகறது? சிஸ்டம் பாக்கணும்." அவர் சரிதாவைப் பார்த்தார், மறுபடி கந்தப்பனைப் பார்த்தார். "இது எப்படி ஆச்சுன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

வாயைத் திறந்தால் அரை நிமிஷ வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரிதா மூச்சு விடாமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னங்க தெரியும்," என்றார் கந்தப்பன். "நமக்கு ஸ்டியரிங் ஒண்ணுதான் தெரியும்."

"சரிங்க. ஹெட் ஆபீசுக்கு மெயில் போடறேன். திங்கக்கிழமை பதில் வந்துருமுங்க. போய் உக்காருங்க."

"அதுவரைக்கும் வண்டிய வெளிய எடுத்துக்கிட்டாச்சும் போறனுங்க. ஊடு பக்கம்தான்."

"வெளிய போகணும்னா அவுட் பாஸ் போடணுமேங்க. வெளிய போன வண்டிக்கு மறுபடியும் எப்படிங்க அவுட் பாஸ் போடறது?"

இவ்வளவு மரியாதையாக யாரும் கந்தப்பனைக் கட்டிப்போட்டதில்லை.

பத்து மணிக்கு ஆத்தாயி போன் செய்தாள். "ஏனுங்க, சின்ன மொதலாளி ஊட்டுக்குப் போன் போட்டாரு. நேத்துப் பொழுதோடயே வண்டி வெளிய போயிருச்சாமா. எங்க போனீங்க?"

"எங்கயும் போகல ஆத்தாயி. மில்லுலதான் இருக்கறேன்."

"ஆறு கிலோமீட்டர் வர ஒரு ராத்திரி ஆகுதுங்களா? இருபது நாளா ஊட்டுக்கு வராத மனுசன் எங்க போய்ப் படுத்தீங்க?"

"லாரிக்கு அடியில படுத்தேன்!"

"யாருகூட?" என்றாள் ஆத்தாயி. அங்கமுத்து எழுந்து தூரமாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

அடுத்த போன் கவின். முதலாளியின் மகன், இருபத்தாறு வயது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து கம்பெனியை அவன்தான் பார்க்கிறான். சின்ன வயதில் கந்தப்பன் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தவன். 'கந்தண்ணா, ஒருக்கா சங்ககிரி வரைக்கும் போலாமுங்க' என்று கெஞ்சினவன்.

"டேய், லோடு எங்கடா?"

கந்தப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"மில்லுல வண்டி போயிருச்சுங்கறான். ஜிபிஎஸ்ல வண்டி அங்கயே நிக்குது. சோயா எறக்குனதா மெசேஜ் வருது. என் சோளத்த எவனுக்குடா வித்த?"

அவர் எழுந்து வண்டியில் ஏறி, தார்ப்பாயை விலக்கி, மூட்டைகளை வீடியோ எடுத்து அனுப்பினார். அரை நிமிஷத்தில் மறுபடி மணி அடித்தது.

"இது தாவணகெரேல எடுத்த வீடியோ. யார ஏமாத்துற? திங்கக்கிழமை பதில் வரட்டும். அதுவரைக்கும் பேட்டா கிடையாது. பதில் சரியா வரல, சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டு. கேக்குதாடா?"

மூன்று நாளுக்கு முன்பாக இருந்தால் கந்தப்பன் அந்தப் போனை டயருக்கு அடியில் போட்டு வண்டியை ஏற்றியிருப்பார். இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு மூட்டை, ஒரு கிலோ, ஒரு கைப்பிடி குறைந்ததில்லை. திட்ட வந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றது.

"கேக்குதாடாங்கறேன். டேய்!"

"சொல்லுங்க பாய்," என்றார் கந்தப்பன்.

"யாரு பாய்? குடிச்சிருக்கியா?" போன் வைக்கப்பட்டது.

பதினோரு மணிக்கு வெயில் ஏறியது. மைக்கில் டோக்கன் நாலு, டோக்கன் ஐந்து என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கர்னூல்காரர் வண்டியைக் கிளப்பும் முன் இறங்கி வந்து கந்தப்பனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். புதிதாக வந்த ஒரு வண்டி பின்னால் நின்று ஹாரன் அடித்தது. இந்த வண்டியை எடுத்தால் நான் உள்ளே நிறுத்திக்கொள்வேன் என்று அதிலிருந்தவர் கையைக் காட்டினார். "இல்லாத வண்டிய எங்கீங்க எடுக்கறது," என்றான் அங்கமுத்து. அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கந்தப்பன் முன் சக்கரத்தோரம் நிழலில் உட்கார்ந்து, அவலைத் தட்டில் கொட்டித் தண்ணீர் தெளித்தார். அங்கமுத்து ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து வைத்தான். போன் ஒருமுறை கிணுங்கியது. மில்லிலிருந்து தாமதமாக வந்த குறுஞ்செய்தி. அங்கமுத்து வாங்கி உரக்கப் படித்தான்:

"அன்புடையீர், தங்கள் வாகனம் நேற்று மாலை 5.48 மணிக்கு எங்கள் வளாகத்திலிருந்து வெளியேறியது. தங்கள் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்."

"மரியாதையாத்தான் எழுதியிருக்கறாங்க," என்றார் கந்தப்பன்.

மேலே தார்ப்பாய்க்குள் புகுந்த அணில் ஒன்று சாக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு மக்காச்சோள மணி உருண்டு, பக்கப்பலகையில் தட்டி, கந்தப்பனின் அவல் தட்டில் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, டோக்கன் இருந்த பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.